பழைய கைரம்பம்: யார் செய்தது, எப்போது செய்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் கிடந்ததோ, பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியதோ, தாத்தாவின் தச்சுப் பெட்டியில் வந்ததோ, பித்தளை வில்லை பதித்த மரப்பிடியும் கறுத்துப்போன எஃகுத் தகடுமாக ஒரு ரம்பம் கைக்கு வந்துவிட்டது. ஈழத்தில் இதையே வாள் என்பார்கள். இங்கே பேசுவது ஐரோப்பிய வகைக் கைரம்பம், அதாவது தள்ளும்போது அறுக்கும், ஒரு கையால் பிடிக்கும் ரம்பம். இவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் ஷெபீல்டிலோ அமெரிக்காவின் பிலடெல்பியாவிலோ பிறந்தவை. அதனால் பதில்களும் அந்த இரண்டு ஊர்களைச் சுற்றியே போகும்.

ரம்பத்தில் தயாரித்த ஆண்டு எங்கே போட்டிருக்கும்?

அநேகமாக எங்கும் இராது. ரம்பத்துக்கு வரிசை எண்ணும் கிடையாது, தேதி முத்திரையும் கிடையாது. ஒரே விதிவிலக்கு பிரிட்டிஷ் ராணுவக் கிடங்குச் சாமான். அதில் மேல்நோக்கிய அம்புக்குறியும், பல வேளைகளில் அதன் அருகே 1943 போல ஓர் ஆண்டும் குத்தியிருக்கும். அம்போடு ஆங்கில ஐ எழுத்தும் சேர்ந்திருந்தால் அது பிரிட்டிஷ் இந்திய ராணுவக் கிடங்கின் அடையாளம்.

மற்ற எல்லா ரம்பங்களுக்கும் வயதைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஓர் அடையாளம் ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்று சொல்லும். இன்னொன்று ‘இதற்குப் பின்னால் இருக்க வாய்ப்பில்லை’ என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளிதான் விடை. அது பத்து ஆண்டுக்குள் அடங்கினால் பெரிய அதிர்ஷ்டம். முப்பது ஆண்டு வந்தாலும் கௌரவமான விடைதான். ‘1892இல் செய்தது’ என்று யாராவது ஒற்றை ஆண்டைச் சொல்லி விற்க வந்தால், எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

எதை முதலில் பார்ப்பது? துடைத்துவிட்டுப் பார்க்கலாமா?

துடைக்காதீர்கள். முதலில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். வில்லை, பிடியைத் தகட்டோடு இறுக்கும் மரைகள், தகட்டின் நடுப்பகுதி, பிடியருகே பல்வரிசை ஆகியவற்றை நெருங்கி எடுங்கள். விளக்கைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து இன்னும் சில படங்கள் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாத தகட்டில், சாய்வெளிச்சத்தில் எழுத்து எழும்பி வரும்.

பிறகு அளவு. பிடியை ஒட்டிய முதல் பல்லிலிருந்து முனைப் பல் வரை பல்வரிசையில் அளக்க வேண்டும். பிடியைச் சேர்க்கக் கூடாது. 26 அங்குலம் என்றால் சாதாரணக் கைரம்பம். 28, 30 என்றால் நெட்டுக்கு அறுக்கும் ரம்பமாக இருக்கலாம். 18 முதல் 24 வரை பலகை அறுக்கும் சிறிய ரம்பம். இந்த அளவுகளில் சேராமல் 23¼ என்று வந்தால், முனை ஒடிந்து யாரோ வெட்டிச் சீர்செய்திருக்கிறார்கள்.

பிடியில் இருக்கும் பித்தளை வில்லை என்ன சொல்லும்?

அமெரிக்க ரம்பத்தில் அதிகம் சொல்வது அதுதான். டிஸ்டன் என்ற பெயர் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்தக் கம்பெனியின் பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் வில்லையும் மாறியது.

ஹென்றி டிஸ்டன் 1819இல் இங்கிலாந்தின் டூக்ஸ்பரியில் பிறந்து, 1833இல் பிலடெல்பியா வந்து, ரம்பத் தொழில் பழகி, 1840இல் சொந்தமாகப் பட்டறை வைத்தவர். ஆரம்பகால வில்லைகளில் அவர் பெயர் மட்டும் இருக்கும். 1865இல் மூத்த மகன் ஹாமில்டன் கூட்டாளியானதும் ‘அண்ட் சன்’ என்று ஒருமையில் வந்தது. 1871இல் அது ‘அண்ட் சன்ஸ்’ என்று பன்மையானது. ஆகவே ஒருமை ‘சன்’ கிடைத்தால் 1865 முதல் 1871 வரை என்று ஆறே ஆண்டுகளில் பிடித்துவிடலாம். வாசிக்கும்போது கடைசி எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தேய்ந்த வில்லையில் பன்மை எழுத்து மழுங்கி ஒருமையாகத் தெரியும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பன்மை வந்தபின் நெடுங்காலம் அதே பெயர் நீடித்தது. அந்த நீண்ட காலத்தைப் பிரிக்க, ஊர்ப்பெயரை எப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிலா என்றும் பிலடா என்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விதமாக வரும். 1917 வாக்கில் யூ.எஸ்.ஏ. என்ற எழுத்துகள் வில்லையில் சேர்ந்தன. அவை இருந்தால் ரம்பம் அதற்குப் பிந்தியது. 1955இல் கம்பெனியை ஹெச்.கே. போர்ட்டர் நிறுவனம் வாங்கியது. அந்தப் பெயர் எங்காவது தென்பட்டால், சேகரிப்பவர்கள் தேடும் காலம் முடிந்துபோன பிறகு வந்த சரக்கு.

வில்லையின் மேல் ஒரு சிறு காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் எஃகு. இரண்டாம் உலகப்போரில் பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்தபோது எஃகில் போட்டார்கள். மலிவு ரம்பத்திலும் எஃகு வரும் என்பதால் காந்தத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

வில்லையில் ‘வாரண்டட் சுப்பீரியர்’ என்று மட்டும் இருக்கிறது. இது எந்தக் கம்பெனி?

இது கம்பெனியின் பெயரே அல்ல. ‘உயர்தரம், உத்தரவாதம்’ என்ற பொருளில் எல்லாரும் போட்ட பொது வில்லை. பெரிய தயாரிப்பாளர்கள் தங்கள் இரண்டாம் தரச் சரக்கிலும், இரும்புக் கடைகளின் பெயரில் விற்கச் செய்துகொடுத்த ரம்பங்களிலும் இதைப் போட்டார்கள். கழுகு இருந்தால் அமெரிக்கா, சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் அரச சின்னம் இருந்தால் இங்கிலாந்து என்ற அளவுக்குத்தான் வில்லை பேசும். பெயர் தெரிய வேண்டுமானால் தகட்டைத்தான் கேட்க வேண்டும். தகட்டிலும் ஒன்றும் இல்லாவிட்டால் ‘தயாரித்தவர் தெரியவில்லை’ என்று எழுதிவைப்பதே நேர்மை.

மரைகளைப் பார்த்து வயது சொல்ல முடியுமா?

முடியும். பழைய முறையில் மரை தட்டையான பித்தளை வட்டம். நடுவில் திருகோல் வைக்க ஒரு பிளவு இருக்கும், ஆனால் திருகின் தண்டு நடுவே வெளிவந்து அந்தப் பிளவை இரண்டாகப் பிரித்திருக்கும். மரை மரத்தோடு சமமாக அராவப்பட்டிருக்கும், விரலால் தடவினால் தட்டுப்படாது. இது பிளவு மரை. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1870களின் பிற்பகுதியிலிருந்து இதைக் கைவிட்டு, தொப்பிபோல் குவிந்த தலையுள்ள மரைக்கு மாறினார்கள். டிஸ்டன் ரம்பங்கள் பலவற்றில் அந்தத் திருகுகளில் 1887 டிசம்பர் 27 என்ற காப்புரிமைத் தேதி பொறித்திருக்கும்.

காப்புரிமைத் தேதியைத் தயாரித்த தேதி என்று எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமான பிழை. அதற்குப் பொருள் ‘அந்த நாளுக்கு முன்னால் இல்லை’ என்பது மட்டுமே. அதே திருகு பல ஆண்டுகள் தொடர்ந்து ஓடியது.

இங்கிலாந்து ரம்பத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஷெபீல்டுக்காரர்கள் பிளவு மரையை 20ஆம் நூற்றாண்டிலும் விடவில்லை. பிளவு மரை இருக்கிறது, அதனால் 1870க்கு முந்தியது என்று ஷெபீல்டு ரம்பத்தைப் பார்த்துச் சொன்னால் ஐம்பது ஆண்டு பிசகும்.

பிளவு மரையைக் கழற்றப் போனால் உடைகிறது. என்ன தவறு?

சாதாரணத் திருகோல் அதற்கு ஆகாது. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் திருகுத்தண்டு இடிக்கும். திருகோல் பிளவின் ஒரு பக்கம் மட்டும் பிடித்து, மென்மையான பித்தளையைப் பிய்த்துவிடும். தட்டையான பழைய திருகோல் ஒன்றை எடுத்து, மரையின் அகலத்துக்குச் சரியாக வாயைத் தேய்த்து, நடுவில் திருகுத்தண்டு புகும் அளவுக்கு ஒரு பள்ளம் அராவிக்கொள்ளுங்கள். கவட்டை மாதிரி இரண்டு பல் கிடைக்கும். முதல்நாள் இரவே ஒவ்வொரு மரையிலும் ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டுவிடுங்கள். மறுநாள் ரம்பத்தைத் துணிமேல் படுக்கவைத்து, திருகோலை நேர்குத்தாக அழுத்திப்பிடித்துக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். அசையாவிட்டால், ஈயப்பற்று வைக்கும் இரும்பைச் சூடாக்கி அதன் நுனியை மரையின்மேல் அரை நிமிடம் வைத்து மீண்டும் முயலுங்கள். பழைய பிசினும் அழுக்கும் இளகிக்கொடுக்கும். அப்படியும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். வயது பார்ப்பதற்காக ஒரு மரையை உடைப்பது நஷ்ட வியாபாரம்.

கழற்றிய திருகுகளை எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே வரிசையில் ஓர் அட்டையில் குத்திவையுங்கள். ஒவ்வொன்றும் அதன் இடத்துக்கென்று கையால் அராவியது. மாற்றிப் போட்டால் ஒன்று துருத்தும், ஒன்று அமிழும்.

டிஸ்டனின் டி-8 என்ற மாடல் என்றால் இன்னோர் எச்சரிக்கை. அதில் தகட்டின் பின்முனை வில்போல் வளைந்து பிடிக்குள் புதைந்திருக்கும். பிடியின் மேல்பக்கம் மூடியிருக்கும். திருகுகளை எடுத்தபின் நேராக இழுத்தால் வராது. தகட்டைக் கீழ்நோக்கிச் சுழற்றினாற்போல் எடுக்க வேண்டும். மல்லுக்கட்டினால் பிடியின் கன்னம் பிளந்துகொள்ளும்.

தகட்டின் உருவத்தில் எதைக் கவனிப்பது?

முதுகை. பழைய ரம்பங்களின் முதுகு நேர்கோடு. முதுகை உள்நோக்கி வளைத்து, எடையைக் குறைத்துச் செய்த டிஸ்டன் டி-8 1874இல் வந்தது. அதற்குப் பிறகு மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். வளைந்த முதுகு இருந்தால் 1874க்கு முந்தியது அல்ல என்று கொள்ளலாம். நேர் முதுகு ஒன்றையும் நிரூபிக்காது, ஏனென்றால் அதையும் கடைசிவரை செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

முதுகில், முனைக்கு அருகில், அரிசிமணி அளவில் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அது பழமைக்கு ஒரு சாட்சி. எதற்கு அந்த மூக்கு என்று நூறு விளக்கம் சொல்வார்கள்: அறுப்பைத் தொடங்க, பல்லுக்கு உறை கட்டும் கயிற்றை மாட்ட, இன்னும் என்னென்னவோ. டிஸ்டன் கம்பெனியே அது வெறும் அலங்காரம், நேர்கோட்டை உடைத்துக்காட்ட வைத்தது என்று எழுதியிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் அது படிப்படியாக மறைந்தது. மூக்கு இல்லை என்பதால் புதியது என்று சொல்லிவிடவும் முடியாது. உடைந்தும் போகும், தேய்ந்தும் போகும்.

அடுத்தது கனம். நல்ல ரம்பத்தின் தகடு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இராது. பல்வரிசையில் தடிப்பாகவும், முதுகுப்பக்கம், அதிலும் முனையை நெருங்கும் முதுகில், மெலிந்தும் இருக்கும். அறுப்பில் தகடு சிக்காமல் இருக்க அப்படி இழைத்தார்கள். மைக்ரோமீட்டர் இருந்தால் பல்வரிசையில் ஓர் அளவும் முனை முதுகில் ஓர் அளவும் எடுங்கள். பல்வரிசையில் 1 மி.மீ.க்குப் பக்கமாகவும் முனை முதுகில் 0.7 மி.மீ. போலவும் வந்தால் கவனமாக இழைத்த தகடு. இரண்டும் ஒன்றேயானால் மலிவுச் சரக்கு அல்லது பிற்காலத்தது.

தகட்டில் ஏதோ எழுத்து நிழலாகத் தெரிகிறது. அதை எப்படி வெளிக்கொண்டுவருவது?

எழுத்து இரண்டு வகை. ஒன்று, இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் குத்தியது. ஆழமாக இருக்கும், விரலுக்குத் தட்டுப்படும், எளிதில் அழியாது. மற்றொன்று, அமிலத்தால் அரித்துப் பொறித்தது. முடியைவிட மெல்லிய ஆழம்தான் இருக்கும், ஒரு முரட்டுத் தேய்ப்பில் போய்விடும். பொதுவாகக் குத்தெழுத்து பழைய முறை. அமெரிக்காவில் 1860களிலிருந்து அமிலப் பொறிப்பு பரவியது.

அமிலப் பொறிப்பை மீட்கும் வழி இது. கையில் வைத்துத் தேய்க்கும் கடினமான, தட்டையான மரக்கட்டை ஒன்று வேண்டும். அதில் 400 நம்பர் தண்ணீர்த்தாளை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளைச் சுற்றி, மண்ணெண்ணெய் விட்டு, முதலில் பொறிப்பே இல்லாத ஓர் ஓரத்தில் தேய்த்துப் பழகுங்கள். பிறகு தகட்டின் நீளவாக்கில் மட்டும், பாரம் கொடுக்காமல் தேய்த்து வாருங்கள். பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒருமுறை துணியால் துடைத்துச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். கட்டை தட்டையாக இருப்பதால் மேட்டில் இருக்கும் துரு மட்டும் உரியும். எழுத்துப் பள்ளத்தில் இருக்கும் கறுப்பு அப்படியே தங்கி, வெளுத்த எஃகின்மேல் எழுத்தாகத் தெரியும். தாளை வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பள்ளத்துக்குள் இறங்கி அந்தக் கறுப்பையும் தின்றுவிடும். கட்டை வைப்பதன் காரணம் இவ்வளவுதான்.

எழுத்து தலைகாட்டியதும் 600க்கு மாறுங்கள். வாசிக்க முடிந்ததும் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் பளபளப்பாக்கலாமே என்ற ஆசைதான் பெரும்பாலான பொறிப்புகளைக் கொன்றது. கம்பித் தூரிகையும் சுழலும் கிரைண்டரும் பக்கத்திலேயே வரக் கூடாது. வினிகரிலும் எலுமிச்சை உப்புக் கரைசலிலும் ஊறவைப்பது துருவுக்கு நல்ல மருந்து, பொறிப்புக்கு விஷம். அமிலம் மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே கடிக்கும்.

எங்கே தேடுவது என்றால், அமிலப் பொறிப்பு பெரும்பாலும் தகட்டின் இடப்பக்கத்தில், பிடிக்கும் முனைக்கும் நடுவே இருக்கும். இடப்பக்கம் என்பது பல் கீழே நோக்க, முனை இடக்கைப் பக்கம் நோக்கப் பிடித்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கம்.

பொறிப்பு பல்வரிசைக்கு மிக அருகில் இருக்கிறது. ஏன்?

தகடு தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு முறை அராவும்போதும் கொஞ்சம் எஃகு போகிறது. பொறிப்பு முதலில் தகட்டின் அகலத்தில் ஏறத்தாழ நடுவில் இருந்திருக்கும். இப்போது எவ்வளவு கீழே நிற்கிறதோ, அவ்வளவு எஃகு பல்லாகிப் போயிருக்கிறது. வயதைவிட உழைப்பைக் காட்டும் அடையாளம் இது.

‘காஸ்ட் ஸ்டீல்’ என்று குத்தியிருக்கிறது. வார்ப்பிரும்பு ரம்பமா?

இல்லை. வார்ப்பிரும்பில் ரம்பம் செய்தால் முதல் வளைப்பில் முறிந்துவிடும். பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740களில் ஷெபீல்டு வட்டாரத்தில் களிமண் மூசையில் எஃகை முழுக்க உருக்கி ஊற்றும் முறையைக் கொண்டுவந்தார். அதில் வந்த சீரான எஃகுக்கு இந்தப் பெயர். கட்டியாக ஊற்றி, பிறகு உருட்டித் தகடாக்குவார்கள். நூறாண்டுக்கும் மேலாக எல்லாரும் குத்திய சொல் என்பதால் வயது கணிக்க அதிகம் உதவாது.

இதேபோல் ‘ஜெர்மன் ஸ்டீல்’ என்றால் ஜெர்மனியில் செய்தது என்று பொருளல்ல, அது எஃகின் ஒரு தரத்துக்கு வழங்கிய பெயர். ‘லண்டன் ஸ்பிரிங்’ என்ற எழுத்து லண்டனைப் பார்க்காத ரம்பத்திலும் இருக்கும். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸின் அட்கின்ஸ் கம்பெனி ‘சில்வர் ஸ்டீல்’ என்று போட்டது. அதில் வெள்ளி எதுவும் கிடையாது, உருக்கிப் பார்க்கும் சிரமம் வேண்டாம்.

1760 என்று போட்டிருக்கிறதே. 260 ஆண்டுப் பழைய ரம்பம்தானே?

ஷெபீல்டின் ஸ்பியர் அண்ட் ஜாக்சன் தன் தொழில் தொடங்கிய ஆண்டாகச் சொல்வது 1760. கடைக்காரர் பெயர்ப்பலகையில் ‘தொடக்கம் 1925’ என்று போடுவதில்லையா, அதே கதை. அந்த ஆண்டு இருந்தால் பெரும்பாலும் ரம்பம் மிகவும் பிற்காலத்தது. உண்மையில் பதினெட்டாம் நூற்றாண்டு ரம்பம் வைத்திருந்த தச்சருக்கு அதன் ஆண்டை யாரும் விளம்பரம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஷெபீல்டு ரம்பத்துக்கு வேறு என்ன வழி?

வில்லை இங்கே கைகொடுக்காது. பெயரும் முகவரியும்தான் வழி. ஷெபீல்டில் 19ஆம் நூற்றாண்டு முழுக்க வணிகக் கையேடுகள் வெளிவந்தன. எந்தத் தெருவில் யார் ரம்பம் செய்தார் என்று அவற்றில் பட்டியல் இருக்கும். ஆகவே தகட்டில் இருக்கும் பெயரை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ‘அண்ட் சன்’ ஆ ‘அண்ட் சன்ஸ்’ ஆ, ‘பிரதர்ஸ்’ ஆ, ‘அண்ட் கோ’ வா, பட்டறையின் பெயர் என்ன, எல்லாமே தேதி. பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று இருந்தால் ‘முன்னர் இன்னார்’ என்று பொருள். பழைய கம்பெனியை வாங்கியவர் வாடிக்கையாளரைத் தக்கவைக்கப் போட்டது. கை மாறிய சில ஆண்டுகளுக்கு மட்டும் அப்படிப் போடுவார்கள் என்பதால் அது நல்ல துப்பு.

கிரீடத்தோடு அரசர் பெயரெழுத்துகள் குத்தியிருப்பதும் உண்டு. வி.ஆர். என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. ஜி.ஆர். என்றால் எந்த ஜார்ஜ் என்று மற்ற அடையாளங்களை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். 1830க்கு முன்னும் ஜார்ஜ் இருந்தார், 1910க்குப் பின்னும் ஜார்ஜ் வந்தார்.

‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் இருந்தால் கவனியுங்கள். 1890இன் மெக்கின்லி சட்டத்தின்படி, அமெரிக்காவுக்குள் வரும் பொருளில் 1891 மார்ச் முதல் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும். அமெரிக்காவுக்குப் போன சரக்குக்குத்தான் அந்தக் கட்டாயம். சென்னைக்கோ கொழும்புக்கோ வந்த ரம்பத்தில் நாட்டுப் பெயர் இல்லாததை வைத்து 1891க்கு முந்தியது என்று சொல்லக் கூடாது.

அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் ஷெபீல்டு ரம்பம்தானே விற்றது? பிறகு ஏன் குறைந்தது?

ஆமாம், 1850கள் வரை அங்கே ஷெபீல்டு ரம்பம்தான் கொடிகட்டிப் பறந்தது. டிஸ்டன் 1855இல் சொந்த உலையில் மூசை எஃகு உருக்கத் தொடங்கியதால் தகட்டுக்கு இங்கிலாந்தை எதிர்பார்க்கும் நிலை போனது. 1861இல் மாரில் சட்டம் இறக்குமதி வரியை ஏற்றியது. இரண்டும் சேர்ந்து சந்தையைப் புரட்டின. அதனால் அமெரிக்காவில் கிடைக்கும் ஷெபீல்டு ரம்பம் சராசரியாகப் பழையதாக இருக்கும். நம் பக்கம் கிடைப்பதற்கு அந்த அனுமானம் செல்லாது, இங்கே அந்த வரவு நிற்கவில்லை.

பிடிக்கு அருகில் பல்வரிசைக்கு மேல் 8 என்று ஓர் எண் இருக்கிறது. மாடல் நம்பரா?

பல்லின் கணக்கு. ஓர் அங்குலத்தில் எத்தனை பல்முனை என்பதைத் தயாரிப்பாளர் குத்தியது. அளவுகோலின் பூஜ்யத்தை ஒரு பல்முனையில் வைத்து, அதையும் ஒன்றாக எண்ணி, ஓர் அங்குலக் கோட்டில் விழும் முனை வரை எண்ணுங்கள். எட்டு முனை வந்தால் இடையில் முழுப்பல் ஏழுதான். குறுக்கறுப்புக்கு 8, 10 போல இருக்கும். நெட்டறுப்புக்கு 5, 5½.

குத்திய எண்ணும் எண்ணிய எண்ணும் ஒத்துப்போனால் பல் இன்னும் பட்டறையில் வெட்டிய வரிசையிலேயே இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் யாரோ பழைய பல்லை முழுக்க அராவிவிட்டுப் புதிதாக வெட்டியிருக்கிறார்கள். எண்ணே காணோம் என்றால் அந்த இடமும் தேய்ந்து போயிருக்கலாம்.

பிடி என்ன மரம்? அதை வைத்து ஏதாவது சொல்லலாமா?

டிஸ்டன் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் நல்ல ரம்பத்துக்கு ஆப்பிள் மரமும் மலிவு ரம்பத்துக்கு பீச் மரமும் போட்டன. ஷெபீல்டில் ஏறக்குறைய எல்லாமே பீச். பீச்சை அடையாளம் காண்பது சுலபம்: மரத்தின்மேல் எள்ளைச் சிதறவிட்டாற்போல் குட்டிக் குட்டிப் பழுப்புக் கோடுகள் இருக்கும். ஆப்பிளில் அவை இரா. ஒரே சீராக, செம்பழுப்பாக, வழுவழுவென்று இருக்கும்.

மரத்தைவிட உருவம் அதிகம் பேசும். பிடிக்குள் கையை விட்டுப் பாருங்கள். பழைய பிடி கைக்குள் உருண்டு உட்காரும். சுட்டுவிரலைத் தகட்டின் பக்கம் நீட்டி, மற்ற மூன்று விரல்களால் பிடிக்கத்தான் அதன் ஓட்டை வெட்டப்பட்டிருக்கும். நான்கு விரலும் திணறினால் குறை உங்கள் கையில் இல்லை, பிடித்த விதத்தில். 20ஆம் நூற்றாண்டு நகர நகர பிடி தடித்து, தட்டையாகி, விளிம்புகள் வெறுமனே இயந்திரத்தில் மழுங்கடிக்கப்பட்டு, வார்னிஷ் கனத்துப் போனது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய பிடியைக் கையில் எடுத்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியும். செங்கல்லைப் பிடித்தாற்போல் இருக்கும்.

பிடியின் கன்னத்தில் கோதுமைக் கதிர்போல் செதுக்கியிருந்தால் அது தரத்துக்கான அடையாளம். பழைய செதுக்கு ஆழமாக, கோடுகள் ஒன்றுக்கொன்று சற்றே மாறி, கையால் வெட்டியது என்று தெரியும். பின்னால் வந்தது ஆழமின்றி இயந்திரத்தனமாக இருக்கும்.

பிடியும் தகடும் ஒன்றாகப் பிறந்தவையா என்று எப்படித் தெரியும்?

இதைக் கேட்காமல் போட்ட வயதுக் கணக்கு எல்லாம் பாதிக் கணக்குதான். பிடி ஒடிந்தால் வேறொரு ரம்பத்தின் பிடியை மாட்டுவது தச்சர்களுக்குச் சாதாரண வேலை. அப்போது வில்லை ஒரு வயதும் தகடு இன்னொரு வயதும் சொல்லும்.

பிடியைக் கழற்றினால் தகட்டில் ஓட்டைகள் தெரியும். பயன்படாத உபரி ஓட்டை ஒன்றாவது இருந்தால் பிடி மாறியிருக்கிறது. பட்டறை ஓட்டை வட்டமாகச் சுத்தமாக இருக்கும். பின்னால் குத்தியது ஓரம் கிழிந்து நீள்வட்டமாக இருக்கும். தகட்டின் மேல் பழைய பிடியின் நிழலும் விழுந்திருக்கும்: பிடி மூடியிருந்த இடம் ஒரு நிறம், வெளியே இருந்த இடம் ஒரு நிறம். அந்த நிழலின் விளிம்பும் இப்போதைய பிடியின் விளிம்பும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் வில்லையை மறந்துவிட்டுத் தகட்டுக்கு மட்டும் வயது சொல்லுங்கள். வில்லையை மட்டும் மாற்றியிருப்பதும் உண்டு. அதைச் சுற்றி மரத்தில் இடைவெளியோ புதுக் கீறலோ இருக்கும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

26 அங்குலம். முதுகு வளைந்திருக்கிறது, மூக்கு இருக்கிறது. பிடி ஆப்பிள் மரம், மேல்பக்கம் மூடியது. வில்லையில் டிஸ்டன் அண்ட் சன்ஸ், பிலடா. யூ.எஸ்.ஏ. இல்லை. குவிந்த மரைகள், திருகில் 1887 டிசம்பர் 27. உபரி ஓட்டை இல்லை, நிழல் பொருந்துகிறது.

வளைந்த முதுகால் 1874க்கு முந்தியது அல்ல. ‘சன்ஸ்’ பன்மையும் அதோடு ஒத்துப்போகிறது, அது 1871 முதல். திருகின் தேதி கீழ்வரம்பை 1887இன் கடைசி வாரத்துக்கு இழுத்துவருகிறது, நடைமுறையில் 1888 என்று வையுங்கள். யூ.எஸ்.ஏ. இல்லாததால் மேல்வரம்பு 1917 வாக்கு. ஆக 1888 முதல் 1917 வரை. மூடிய பிடியும் வளைந்த முதுகும் டி-8 என்கின்றன. பொறிப்பு வெளிவந்தால் அதில் மாடலும் இருக்கும், உறுதியாகிவிடும். இடைவெளியை இன்னும் குறுக்க வேண்டுமானால், வில்லையின் எழுத்து வடிவத்தை ஆண்டு தெரிந்த வில்லைப் படங்களோடு ஒப்பிட வேண்டும்.

எல்லாக் கீழ்வரம்புகளிலும் ஆகப் பிந்தியதை எடுக்கிறோம், எல்லா மேல்வரம்புகளிலும் ஆக முந்தியதை எடுக்கிறோம். கீழ்வரம்பு மேல்வரம்பைத் தாண்டிப் போனால், இரண்டு ரம்பங்களை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

முதுகில் பித்தளைப் பட்டை மடித்த சிறிய ரம்பத்துக்கும் இதே முறையா?

பெரும்பாலும். ஆனால் பெயரைத் தகட்டில் தேடாமல் பட்டையில் தேடுங்கள். பிடிக்குப் பக்கமாகக் குத்தியிருக்கும். பட்டையிலும் பிடியிலும் வேறு பெயர்களும் இருக்கலாம். ஒரே பெயர் கோணல்மாணலாக இரண்டு மூன்று இடங்களில் குத்தியிருந்தால் அது தயாரித்தவர் பெயரல்ல, வைத்திருந்த தச்சர் பெயர். பட்டறையில் கருவி களவு போகாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். பிடியின் கீழ்ப்பகுதியில் ஆட்டுக்குட்டியின் நாக்கைப் போல மெல்லிய வளைவு செதுக்கியிருந்தால் பழைய கைவேலை. பட்டை பித்தளை என்றால் விலை கூடியது, எஃகு என்றால் குறைந்தது. வயதில் வித்தியாசம் இல்லை.

பழையது என்றால் விலை போகுமா?

பழமைக்காக மட்டும் போகாது. டி-8 லட்சக்கணக்கில் செய்யப்பட்ட சாதாரண ரம்பம். பொறிப்பு தெளிவாக இருந்து, தகடு நேராக இருந்து, பிடியின் கொம்புகள் ஒடியாமல் இருந்தால் மட்டும் மதிப்பு. தகட்டைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பல்வரிசையோடு பாருங்கள். நூல் பிடித்தாற்போல் இருந்தால் நல்லது. சீரான வளைவைத் தட்டி நிமிர்த்தலாம். கூர்மையாக மடங்கிய இடம் இருந்தால் விட்டுவிடுங்கள். பல்வரிசை முனைக்கும் பிடிக்கும் நடுவே கொஞ்சம் வெளியே வளைந்திருந்தால் அது குறையல்ல. அப்படித்தான் செய்தார்கள். அதை நேராக்குகிறேன் என்று அராவிவிட வேண்டாம்.

பெயரும் இல்லை, வில்லையும் இல்லை, பொறிப்பும் போய்விட்டது. என்ன செய்வது?

தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ‘நேர் முதுகு, 24 அங்குலம், பீச் மரப் பிடி, பிளவு மரை மூன்று, தகடு மெலிந்து இழைத்தது, ஷெபீல்டாக இருக்கலாம், 19ஆம் நூற்றாண்டு அல்லது 20இன் தொடக்கம்.’ இவ்வளவு போதும். ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி, பிடியைத் திரும்ப மாட்டும் முன் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே வைக்காதீர்கள், ஈரம் பிடித்துத் துரு ஏறும். பிடியின் ஓட்டையில் நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். தகட்டுக்கு எண்ணெய் தடவி, பல்லுக்கு ஒரு பழைய தோட்டக் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டிவிடுங்கள்.